தும்மினால் சிறுநீர் கசிகிறதா? 1948-லேயே வழி சொல்லியாச்சு!

வேடசந்தூர் பக்கம் நூற்பாலைக்குப் போகிறவர், நிலக்கோட்டையில் விடிகாலையில் பூப்பறிக்கிறவர், திண்டுக்கல்லிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ் ஏறுகிற வங்கி ஊழியர். இந்த மூன்று பெண்களுக்கும் ஒரே பிரச்சினை இருக்கலாம். தும்மினா, சிரிச்சா, குடத்தைத் தூக்கினா லேசா சிறுநீர் கசியும். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ‘ரெண்டு புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம்’ என்று வீட்டில் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

சகஜம்தான். அதற்காகச் சகித்துக்கொண்டே வாழணும்னு இல்லை.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தள தசைகள். தொட்டில் துணி மாதிரி. பிரசவம், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குவது, மாதவிடாய் நிற்பது ஆகியவற்றால் இந்தத் துணி தளர்ந்துபோகும். அப்போது வயிற்றில் திடீரென்று அழுத்தம் கூடினால் சிறுநீர் கசியும். ரொம்பவே தளர்ந்தால் கர்ப்பப்பை கீழிறங்கும்.

கெகல் கண்டது என்ன?

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கை, கால் தசைகளைப் போல இந்தத் தசைகளையும் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்பதே அதன் சாரம். சிறுநீரை அடக்குவது போல உள்நோக்கி இறுக்கி, சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே இதைப் பழகவும் கூடாது.

பலன் கிடைக்குமா? 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்கள் பங்கேற்ற 31 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்துப் பார்த்தது. இருமல், தும்மலில் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தோர், செய்யாதோரைவிட எட்டு மடங்கு அதிகமாகக் குணமானதாகச் சொன்னார்கள். செலவு? பைசா கிடையாது.

அப்புறம் என்ன தடை?

வெட்கம் மட்டும் அல்ல, யாரும் கேட்காததும்தான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, டாக்டர் ராணி பங்கும் குழுவினரும் 1989-ல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன்பு பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் பேர்தான். மருத்துவர் கிராமத்துக்கே போய்க் கேட்டதால் தெரியவந்த உண்மை இது.

வீடு தேடிப் போய்க் கேட்பது திண்டுக்கல்லுக்குப் புதுசா என்ன? டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமம் இங்கேதான் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசவே கூச்சப்பட்ட காலத்தில், 1959-ல், ஆத்தூர் ஒன்றியத்தில் அதற்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஊழியர்கள் மக்களிடம் போய்ப் பேசினார்கள். கூச்சம் மெல்ல விலகியது.

இப்போது அதைவிட வசதி இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. அந்தக் கேள்விப் பட்டியலில் ‘இருமினா, தும்மினா சிறுநீர் கசியுதாம்மா?’ என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். பயிற்சியைச் சரியாகச் சொல்லித்தர பிசியோதெரபிஸ்டுகளுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். ஆலைகளும் ஷிப்ட் நடுவே கழிப்பறைக்குப் போக நேரம் தர வேண்டும்.

எப்போது டாக்டர் அவசியம்?

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், சிறுநீர் கழிக்கவே முடியாத நிலை, பிறப்புறுப்பில் ஏதோ கீழிறங்குவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் உடனே பார்க்க வேண்டும். பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கசிவது வேறு வகை. அதற்கான சிகிச்சையும் வேறு. ‘கர்ப்பப்பையை எடுத்துட்டா கசிவு நின்னுடும்’ என்று நம்பி ஆபரேஷனுக்குப் போவது தவறு. அது கசிவுக்கான சிகிச்சையே இல்லை.

மருந்தோ மெஷினோ தேவைப்படாத ஒரு சிகிச்சை 75 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு, வாய் திறக்கத் தயங்கும் பெண்களுடையது அல்ல, கேட்க வேண்டியவர்களுடையது.