பெண்ணுக்கு யந்திரம் ஏன் ஆகாது?

விஞ்ஞானமும் எஞ்சினீயர் வேலையும் பெண்களுக்கு லாயக்கில்லை என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். பெண்ணுடல் மெல்லியதாம், வெயிலிலும் புழுதியிலும் நிற்கத் தாங்காதாம். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். தாங்கள் மாடி வீடு கட்டும்போது சாரத்தின்மேல் செங்கல் சுமந்து ஏறும் சித்தாள் பெண் அல்லவா? "அம்மா, உன் உடல் தாங்காது, இறங்கு" என்று அவளிடம் எவராவது சொன்னதுண்டா? கல் சுமக்கத் தாங்கும் உடல், கட்டடப் படத்தைக் கையில் பிடித்து நிற்க மாத்திரம் தாங்காதா? கூலி குறைந்த இடத்தில் பெண்ணுக்குப் பலம் இருக்கின்றதாம். சம்பளமும் அதிகாரமும் உள்ள இடத்தில் அது பறந்து போகின்றதாம்! ஆகவே இது உடலைப் பற்றிய கவலையல்ல, நாற்காலியைப் பற்றிய கவலை என்பதே நமது அபிப்பிராயம்.

உடல் போகட்டும், மூளை இல்லையே என்பார்கள். 1933ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர மனுச் செய்த கமலா பாகவத் அம்மையாரை, அதன் தலைவராயிருந்த சர். சி. வி. ராமன் அவர்கள் பெண் என்ற காரணத்திற்காகவே மறுத்தார். அம்மையார் விடவில்லை. போராடி, ஓராண்டு பரீட்சார்த்தம் என்ற நிபந்தனையின்மேல் நுழைந்தார். அவரே 1939ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். நோபல் பரிசு பெற்ற மூளைக்கே இந்த மயக்கம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சென்னையில் லலிதா என்னும் அம்மையார் 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவனை இழந்தார். வைதீகம் அவருக்கு வைத்திருந்த இடம் வீட்டு மூலை. அவரோ கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பகுதி படித்து 1943ல் தேறினார். பட்டப் பத்திரத்தில் ஆண்பாற் சொல்லே அச்சிட்டிருந்ததால், அதை அடித்துப் பெண்பாலை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2023ல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா விண்கலத் திட்டத்தின் இயக்குநர் நமது செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார். இன்னும் என்ன ருஜு வேண்டும்?

தோழர்களே! மற்றவர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மேடையில் பெண்ணுரிமை பேசும் நம்மில் எத்தனைபேர், மகன் சைக்கிளைக் கழற்றினால் "கெட்டிக்காரன்" என்றும், மகள் திருப்புளியைத் தொட்டால் "உனக்கென்ன வேலை" என்றும் சொல்லாதவர்கள்? பள்ளிக்கூடமும் சர்க்காரும் திருந்துவது பிறகு இருக்கட்டும். இன்றைக்கே அந்தத் திருப்புளியை மகள் கையில் கொடுங்கள். கெட்டுப்போவது சைக்கிளா, நமது ஆண் என்ற ஆணவமா என்பதைப் பார்த்துவிடலாம்.