பகிர்ந்து கேட்போம்

"ஜாஸ் நமக்கு எதற்கு? நமக்கென்று இசை இல்லையா?" நம் மன்றத்தின் இசை மாலைக்கு நான் ஒரு யோசனை சொன்னபோது எழுந்த கேள்வி இது. கேள்வியில் குற்றமில்லை. ஓராண்டுக்கு முன் நானே அப்படிக் கேட்டவன்தான்.

விடுதியில் என் அறையில் இருக்கும் கன்னட நண்பர் ஓரிரவு 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தொகுப்பை வைத்தார். இரண்டு சாக்ஸபோன்கள் ஒன்றையொன்று துரத்தின. "என்னப்பா இது, சந்தை இரைச்சல்!" என்று சிரித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் நிறுத்தினார். அந்தப் பருவம் முடியும்வரை என் எதிரில் அவர் எதையும் வைக்கவில்லை. பின்பு நானே வலியச் சென்று கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டில் ஒன்று, 'டூயட்' (1994) படத்தில் நாமெல்லாம் உருகிக் கேட்ட கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் என்று! வெட்கித் தலைகுனிந்தேன்.

நண்பர்களே, கத்ரி 1949-இல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர்; நாகசுர வித்துவானின் மகன். சாக்ஸபோன்மேல் அவர் மனம் பறிகொடுத்தது எங்கே தெரியுமா? இதே மைசூர் அரண்மனையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டுத்தான்! பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். அந்த மேல்நாட்டுக் குழலில் கமகத்தைக் குழைத்தெடுத்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்திரா விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹாண்டியோடு வாசித்தார்.

அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா, ஜாஸ் பயின்ற மாணவர். அவருடைய அண்ணன் ஒருநாள் கேலியாக ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' என்பது அதன் பெயர், வாசித்தவர் கத்ரி. கேலியாக வந்த தட்டு தம்பியைக் கட்டிப்போட்டது. அந்த வியப்பில் விளைந்ததே, இருவரும் சேர்ந்து வாசித்து 2008-இல் வெளியான 'கின்ஸ்மென்'. கன்னியாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு.

இரண்டு இசையும் ஒன்றே என்று நான் சாதிக்க வரவில்லை. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவு அங்கே அடித்தளம், இங்கே இராகம். ஆயினும், எடுத்த மெட்டை அந்தக் கணத்தின் கற்பனையால் விரித்து, மீண்டும் மெட்டுக்கே வந்து சேரும் துணிவு இரண்டுக்கும் உயிர். நிரவலைச் சுவைக்கும் செவி அதையும் சுவைக்கும்; பழக வேண்டும், அவ்வளவே.

இன்று எந்த இசையும் கைபேசியில் கிடைக்கிறது. நாமோ காதை அடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு தீவாய் அமர்ந்திருக்கிறோம். அண்ணன் தட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால் 'கின்ஸ்மென்' பிறந்திருக்குமா?

ஆகவே என் யோசனை இதுதான்: மாதம் ஒரு மாலை மன்றத்தில் கூடுவோம். ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு பதிவைக் கொண்டுவரட்டும். ஏன் பிடித்தது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். கன்னட நண்பர்களையும் அழைப்போம். பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லலாம், முழுவதும் கேட்ட பிறகு!

முதல் மாலையை என் அறை நண்பருக்குக் கொடுங்கள். 'கின்ஸ்மென்' என்றால் உறவினர் என்று பொருள். அன்று நான் சிரித்த சிரிப்புக்கு அதுவே கழுவாய்.