செய்தவன் இல்லாத செய்தி

சீனாவைப் பற்றிய செய்திகளை நம்மில் பலர் இப்போது மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படிக்கிறோம். சிங்கப்பூரில் சீன நண்பர்களோடு பல வருஷமாக வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளன் நான். செயலியைக் குறை சொல்லவில்லை. அது சொல்லை மாற்றித் தரும், அவ்வளவுதான். அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று சொல்லாது.

1990களின் பிற்பகுதியில் சீன அரசு நிறுவனங்களில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அரசு ஏடுகள் அதை வேலையிழப்பு என்று எழுதவில்லை. 'சியாகாங்' என்று எழுதின. 'பணியிடத்தை விட்டு இறங்குதல்' என்பது அதன் பொருள். ஏதோ பஸ்ஸிலிருந்து இறங்கியது மாதிரி! இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பெயரளவில் நிறுவனத்தோடு தொடர்பு இருந்ததால், இப்படி 'இறங்கியவர்கள்' அரசின் வேலையற்றோர் கணக்கில் சேரவில்லை. சம்பளம் நின்ற குடும்பங்கள் புள்ளிவிவரத்தில் காணாமல் போயின.

அரசுச் செய்திகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'தொடர்புடைய துறை'. தொடர்புடைய துறை விசாரிக்கிறது, தொடர்புடைய துறை நடவடிக்கை எடுக்கும். எந்தத் துறை, யாரு என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆனால் சீன மக்கள் ஏமாளிகள் இல்லை. 'பெய்' என்ற எழுத்து அங்கே செயப்பாட்டு வினைக்கு உரியது, நம்முடைய 'பட்டது' மாதிரி. 2009இல் வேலையே கிடைக்காத பட்டதாரிகள், கல்லூரிப் பதிவேட்டில் தங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதாக இருப்பதைக் கண்டார்கள். 'நான் வேலை பெறவைக்கப்பட்டேன்' என்று இணையத்தில் கிண்டலடித்தார்கள். இணக்கமான சமுதாயம் என்று அரசு முழங்கியபோது, நீக்கப்பட்ட பதிவுகளை 'இணக்கமாக்கப்பட்டது' என்றார்கள். அந்த ஆண்டின் எழுத்தாக 'பெய்' தேர்வானது.

நமக்கு இது புதுசா என்ன? 'காணாமல் போனோர்' என்று எழுதினால் அவர்களே எங்கோ போய்விட்டது போலிருக்கும். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றால், ஆக்கியது யார் என்ற கேள்வி கூடவே வரும். ஈழத்துத் தாய்மார் இரண்டாவது சொல்லை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். ஒரு விகுதியில் ஒரு வழக்கே அடங்கியிருக்கிறது.

இங்கே வளரும் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் சீனம் படிக்கிறார்கள். நல்ல விஷயம். சொற்களோடு சேர்த்து இந்தப் பழக்கத்தையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்: பெய்ஜிங் செய்தியோ, கொழும்புச் செய்தியோ, டெல்லிச் செய்தியோ, வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை எழுவாயைத் தேடிப் பார். அது இல்லை என்றால், அதை எடுத்தது யார் என்று கேள்.