பந்தயம் வேறு, பணயம் வேறு, சூது வேறு

ஆங்கில–தமிழ் அகராதிகளில் 'பெட்' என்ற சொல்லைத் தேடினால், பெரும்பாலும் பந்தயம், பணயம், சூது என்பன காற்புள்ளியிட்டு அடுத்தடுத்து நிற்கக் காணலாம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம் என்ற எண்ணத்தை அந்தக் காற்புள்ளி உண்டாக்குகிறது. இணையவழிச் சூதாட்ட வழக்குகள் பற்றிய தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கும் எனக்கு இது அகராதியோடு நின்றுவிடும் சிக்கலாகத் தோன்றவில்லை.

இச்சொற்கள் எந்த வினையோடு சேர்கின்றன என்று பாருங்கள். பந்தயம் கட்டுகிறோம், பணயம் வைக்கிறோம், சூது ஆடுகிறோம். 'சூது கட்டினான்' என்றோ 'பணயம் ஆடினான்' என்றோ எவரும் சொல்லார். பந்தயம் என்பது இருவருக்கு இடையிலான உடன்பாடு. அதன் நீட்சியாகப் போட்டியும் ஆகும். பள்ளி விளையாட்டு விழாவின் ஓட்டப்பந்தயத்தில் காசுக்கு இடமில்லை. பணயம், தோற்றால் கைவிட்டுப் போகும் பொருள். சூது ஒரு செயல். அச்செயலைப் பற்றிய தீர்ப்பும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சூதுவாது அறியாதவர் என்று ஒருவரைப் புகழ்கிறோம்; பந்தயம் அறியாதவர் என்று எவரையும் புகழ்வதில்லை. ஆங்கிலச் சொல் நம் பேச்சில் நுழைந்தபோதும் 'பெட் கட்டலாமா' என்றே கேட்கிறோம். கடன்சொல் பந்தயத்தின் வினையைத்தான் எடுத்துக்கொண்டது.

நான் குடியிருக்கும் நிக்டியில் கேட்கும் மராத்தியிலும் இதே பகுப்பு உண்டு. 'பைஜ்' வைப்பது, 'ஜுகார்' ஆடுவது. 'பைஜ்' என்பது 'பிரதிக்ஞை'யின் பிராகிருத வழி வந்த சொல். சூளுரைத்தலே அதன் பழம்பொருள். புணே மாவட்டத்து மாட்டுவண்டி ஓட்டத்துக்கோ 'ஷர்யத்' என்று பெயர். அரபியில் நிபந்தனையைக் குறிக்கும் 'ஷர்த்' இந்தியில் பந்தயமாகவும், மராத்தியில் ஓட்டப்போட்டியாகவும், தமிழில் சட்டத்தின் 'ஷரத்து'மாக ஆனது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

சிக்கலுக்கு வருவோம். நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வினா: இவ்வாட்டம் திறனைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா? கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறன் சார்ந்தது என்றது. இணைய ரம்மியில் பணம் இழந்தோர் பலர் தற்கொலை செய்துகொண்ட பின், ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு 2022இல் குழு அமைத்தது; தடைச் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றபோதிலும், ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடை செய்த அட்டவணையை, அவை திறன் விளையாட்டுகள் என்பதால் நீக்கியது. அதே ஆட்டத்தை ஒரு செய்தி 'இணைய விளையாட்டு' என்கிறது, மற்றொன்று 'இணையச் சூதாட்டம்' என்கிறது. தீர்ப்பை வாசிக்குமுன்பே வாசகருக்கு ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

திறன் இருந்தால் சூது ஆகாது என்ற கருத்து தமிழுக்கு உடன்பாடன்று. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 935ஆம் குறள் பொருளிழந்தாரைப் பற்றிப் பேசுகையில் கவறு, கழகம், கை என மூன்றைச் சொல்கிறது. கழகம் அங்கே சூதாடும் களம். (இன்று அச்சொல்லைப் பெயரில் தாங்கிய கட்சிகளை எண்ணிச் சிரிக்காமல் இப்பாடத்தை நடத்துவது கடினம்.) 'கை' என்பதற்குப் பரிமேலழகர் ஆடலுக்கு வேண்டிய கைத்தொழில் என்று உரை காண்கிறார். அதாவது திறன். அத்திறனைப் பற்றிய செருக்கே ஆடுபவனைக் களத்தைவிட்டு எழவிடாமல் வைக்கிறது என்பதே அக்குறளின் கருத்தோட்டம். திறன் சூதுக்கு விலக்கன்று, அதன் உறுப்பு. விளம்பரங்கள் 'உங்கள் திறமைக்குப் பரிசு' என்னும் தொனியில் பேசுவதை இதன் அருகில் வைத்துப் படிக்கலாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தப் பழைய வினாவையே கைவிட்டது. திறனாயினும் வாய்ப்பாயினும், பணமோ வேறு பொருளோ வைத்து, வென்று பெறும் எதிர்பார்ப்போடு ஆடினால் தடை என்கிறது. என் சொற்களில் கூறினால், சட்டம் சூதை விட்டுப் பணயத்தைப் பிடித்துக்கொண்டது. இதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் உளர். நான் பேசுவது மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும். ஆங்கிலச் சட்டத்தின் 'மணி கேம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பண விளையாட்டு' என்றால் சிறுவர் காசு சுண்டுவதுபோல் ஒலிக்கிறது. 'பணய ஆட்டம்' என்று எழுதலாம். திறனா வாய்ப்பா என்ற வழக்கில் இச்சொல் எப்பக்கமும் சாயாது. எதை இழக்க நேரும் என்பதை மட்டும் சொல்லும். பொருளை மட்டுமன்றி ஆளையும் குறிக்க நாம் இச்சொல்லையே பயன்படுத்துகிறோம்: பணயக்கைதி.