பத்து பர்சென்ட் பைத்தியம்

பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவியபடி மணிக்கணக்கில் தண்ணீரிலேயே நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய், 'உங்க உடம்புல கொழுப்பு எத்தனை பர்சென்ட்?' என்று கேட்டுப் பாருங்கள். 'கொழுப்பு உனக்குத்தான்யா!' என்பார்கள். நியாயமான பதில்.

ஆனால், அந்தக் கரையின் பையன்கள் பர்சென்ட் கணக்கில் விழுந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மீனவ இளைஞன் ஜிம்மில் மெஷின் மேல் ஏறி நின்றான். 18 என்று காட்டியது. 'பத்துக்கு வந்தாத்தான் சிக்ஸ் பேக்' என்றார்களாம். ராத்திரிச் சாப்பாடு கட்! பாடு முறையில் அவன் குடும்பத்துக்கு மீன் பிடிக்கும் நாள் வந்தது. வெறும் வயிற்றோடு படகேறியவன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். தண்ணீரில் விழாமல் போனது யார் செய்த புண்ணியமோ!

சரி, அந்த மெஷின் என்ன செய்கிறது? பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்புகிறது. நீர் நிறைந்த தசை அதைச் சுலபமாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து ஃபார்முலா போட்டு ஓர் ஊகம் சொல்கிறது. அவ்வளவுதான். தண்ணீர் குடிக்காமல் ஏறினால் ஒரு கணக்கு, குடித்துவிட்டு ஏறினால் வேறு கணக்கு. இதற்காகவா சாமி பட்டினி?

அந்த 18-ம் பாவக் கணக்கில்லை. ஜிம்காரர்கள் வேதமாக நினைக்கும் அமெரிக்க அட்டவணையே ஆண்களுக்கு 18 முதல் 24 வரை சாதாரணம் என்கிறது. பெண்களுக்கு 25 முதல் 31. உயிர் ஓடவே ஆணுக்கு 2 முதல் 5, பெண்ணுக்கு 10 முதல் 13 பர்சென்ட் கொழுப்பு வேண்டும். பெண்கள் பட்டினி கிடந்து ரொம்பக் குறைத்தால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு தேயும். இதை எந்த ஜிம் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்?

'நான் ஒல்லி, எனக்கென்ன?' என்று சிரிக்கிறவரே, உங்களிடமும் வருகிறேன். 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 பர்சென்ட், நம்மவருக்கு 21.2! நம் ஊர் உடம்பின் ரகசியம் இதுதான். கை கால் குச்சி, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள். கல்லீரலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சர்க்கரை நோயைக் கூப்பிடும். தராசுக்கு இது தெரியவே தெரியாது. துடுப்பை வைத்துவிட்டு மோட்டாரைப் பிடித்த கரையோரத்து அண்ணன்மாருக்கும் சட்டைக்குள் தொப்பை எட்டிப் பார்க்கிறதே, கவனித்தீர்களா?

பி.எம்.ஐ. கணக்கைப் போட்டவர் க்வெட்லெட். பெல்ஜியத்துக்காரர், டாக்டரே அல்ல. 19-ம் நூற்றாண்டில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். அதை மட்டும் வைத்து ஒருவரின் உடல்பருமனை முடிவு செய்யாதீர்கள் என்று 2025-ல் லான்செட் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது.

அப்படியென்றால் எதை அளப்பது? தையல்காரர் டேப்! கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல் (ஏமாற்றக் கூடாது!), மூச்சை விட்டபின் சுற்றுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் டாக்டரிடம் போய் சர்க்கரையைப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கும் சுற்றிப் பார்த்தோம். 76! அன்று ராத்திரி அவன் அம்மா மடவைக் குழம்பு வைத்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.