இஷ்டம் வேறு, கூலி வேறு!

ஐஸ் ஹாக்கி வீராங்கனைகளைப் பார்த்து நாம் கத்துக்க வேண்டியது ஒன்று உண்டு, தோழிகளே! கனடாவில் 2007ல் தொடங்கிய மகளிர் லீக்கில் பத்து வருஷம் சம்பளமே கிடையாது. 2019ல் அதையும் மூடிவிட்டார்கள். உடனே இருநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள், முறையான சம்பளமும் வசதியும் இல்லாமல் ஆட மாட்டோம் என்று ஒற்றுமையாக நின்றார்கள். கனடா, அமெரிக்க அணிகள் மோதும் புது லீக் 2024 ஜனவரி 1ல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2023 ஜூலையில், குறைந்தபட்ச சம்பளம் 35,000 டாலர், வாடகைப்படி, பிரசவகால உதவி எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எழுதி வாங்கிவிட்டார்கள். ஜனங்களும் கைவிடவில்லை. 2024 ஏப்ரலில் மான்ட்ரியல் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். 'இஷ்டப்பட்டுத்தானே செய்யறே, காசு எதுக்கு?' என்று பெண்களிடம் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?