வாரம் ஒரு வார்த்தை: 'வேக்' - பிடிகொடுக்காத பேச்சு!

தூத்துக்குடி - மதுரை நெடுஞ்சாலையில் போனால் 'எப்போதும்வென்றான்' என்றொரு ஊர் வரும். எப்போது வென்றான்? எப்போதும்! பெயரிலேயே சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால், அந்தக் கரிசல் பூமியில் மழையைப் பற்றிக் கேட்டால், "வரும்போலத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். அப்படிப்பட்ட பதிலுக்கு ஆங்கிலத்தில் 'வேக்' என்று பெயர்.

உச்சரிப்பு: எழுத்தைப் பார்த்து 'வாகியூ' என்று படிக்க வேண்டாம். பையைக் குறிக்கும் 'பேக்' எப்படி முடிகிறதோ, அப்படியே இதுவும் முடியும்.

பொருள்: தெளிவில்லாத, திட்டவட்டமாகச் சொல்லப்படாத. 'அலைந்து திரிகிற' என்று பொருள்படும் 'வேகஸ்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு மூலம். மூளையிலிருந்து வயிறு வரை பயணிக்கும் 'வேகஸ்' நரம்புக்கும் அதே பெயர்தான்.

எப்படிப் பயன்படுத்தலாம்?

* 'ஹி கேவ் எ வேக் ஆன்சர்' - பிடிகொடுக்காமல் பதில் சொன்னார்.
* 'ஐ ஹேவ் எ வேக் மெமரி ஆஃப் இட்' - மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

குழப்பிக்கொள்ளாதீர்கள்: 'அம்பிகுவஸ்' வேறு. "டீச்சர் மாலாவிடம் அவருடைய புத்தகத்தைக் கொடுத்தார்" என்றால் யாருடைய புத்தகம்? இப்படி இரண்டு அர்த்தம் வந்தால் 'அம்பிகுவஸ்'. "சாயங்காலம்போல வர்றேன்" என்றால் ஒரே அர்த்தம்தான், நேரம்தான் தெளிவில்லை. அது 'வேக்'.

வேக் மாதிரி தெரியும், ஆனால் வேக் இல்லை!

'ஓரிரு இடங்களில் மழை' என்ற வானிலை அறிவிப்பைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால், இந்திய வானிலை ஆய்வு மையம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவிகிதம் வரை பெய்தால் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 சதவிகிதம் வரை என்றால் 'சில இடங்கள்'. 75 சதவிகிதத்தைத் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை.

கோவில்பட்டி பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். 'ஓரிரு இடங்கள்' என்றால், முக்கால்வாசி இடங்களில் மழை இருக்காது என்று அர்த்தம். அதை நம்பி உளுந்தோ பாசிப்பயறோ விதைத்து, ஒரு தூறலில் முளைத்தது காய்ந்துபோனால், மறுபடி விதை வாங்க வேண்டும். எண்ணிக்கை தெளிவாக இருக்கிறது. அந்த 'ஓரிரு இடம்' நம் காடுதானா என்பதுதான் இன்னும் 'வேக்'!

இந்த வாரப் பயிற்சி: கடன் வாங்கியவர் 'சூன்' என்கிறாரா? கோபப்படாமல், 'குட் யூ பி எ பிட் மோர் ஸ்பெசிஃபிக்?' என்று கேளுங்கள். கொஞ்சம் திட்டவட்டமாகச் சொல்ல முடியுமா என்று அர்த்தம். தேதி வருகிறதா பார்ப்போம்!